புதுக்கோன் என்று காசு வாங்கிப் பழையதைத் திருப்பிப் பூட்டுகிறார்கள், கவனம்!

பரந்தன் – முல்லைத்தீவு வீதிப் பக்கம் சைக்கிள் திருத்தக் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பின்சில்லில் சத்தம் வருகிறது என்று கொண்டுபோனால், "கோன் போச்சு, அக்சில் போச்சு, எல்லாம் மாத்த வேணும்" என்று சொல்லி முழுக்காசும் வாங்கிக்கொண்டு, உள்ளே ஒன்றையும் மாற்றாமல் தந்துவிடுகிற வேலை நடக்கிறது. அக்சில் என்பது சில்லின் நடுவிலிருக்கிற இரும்புத் தண்டு. கோன் என்பது அதன் மரையில் ஏறுகிற கூம்புத் துண்டு. அதைச் சுற்றி உருளுகிற சின்ன இரும்புக் குண்டுகள்தான் போல்ஸ். எனக்கு நடந்தது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஒரு கடையைச் சொன்னால் மற்றக் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பீர்கள். இந்தக் கெட்டித்தனம் ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை.

சைக்கிள் தங்கச்சியுடையது. பழைய லுமாலா. விசுவமடுவில் உள்வீதிக் கிறவலில் ஓடி, தார் வீதியில் ஏறிப் பள்ளிக்கூடம் போய் வருவாள். மாரி முழுக்கத் தண்ணீரிலும் சேற்றிலும் ஓடிய பின்சில்லு, தை பிறந்த கையோடு அரைக்கத் தொடங்கியது. மிதிக்காமல் உருட்டினாலும் கரகரப்பு. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் டொக் டொக் என்று ஆட்டம். ஹப்புக்குள், அதாவது சில்லின் நடுக்குடத்துக்குள்தான் கோளாறு என்று தெரிந்தது. ஆனால் காலபோக அரிவி வெட்டு நேரம், எனக்குக் கை ஓயவில்லை. கடையில் கொடுத்தேன்.

கடைக்காரர் சில்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "உள்ளுக்கு எல்லாம் முடிஞ்சுது தம்பி. கோன் ரெண்டு, அக்சில், போல்ஸ் எல்லாம் புதுசாப் போட வேணும். இல்லாட்டி ஹப்பும் போயிடும்."

"சரி அண்ணை, நல்ல சாமானாப் போடுங்கோ."

பின்னேரம் எடுக்கப் போனபோது சில்லு வழுக்கிக்கொண்டு சுற்றியது. துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார்: பின் கோன் 2, அக்சில் 1, போல்ஸ் 18, கிறீஸ், கூலி. கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. கொண்டுபோன மூவாயிரம் ரூபாயில் மிஞ்சியது ஒரு தேத்தண்ணி குடிக்கவும் காணாது. பழைய சாமானைக் கேட்டேன். "அதெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு தம்பி" என்றார். காலையில் கொடுத்த சைக்கிளின் இரும்பு பின்னேரத்துக்குள் போய்விட்டதாம்.

சில கிழமைகளில் அதே சத்தம் திரும்பி வந்தது, முன்னதைவிட மோசமாக. அரிவி முடிந்திருந்தபடியால் இந்த முறை நானே முற்றத்தில் கவிழ்த்துவைத்துக் கழற்றினேன்.

முதலில் கண்ணில் பட்டது அக்சிலின் முனை. முன்பு யாரோ சுத்தியலால் தட்டி நசுங்கிய மரை அப்படியே இருந்தது. புது அக்சில் என்ற கதை அப்போதே முடிந்துவிட்டது. கோனைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். போல்ஸ் உருளுகிற வளையத்தில் ஒரு பக்கம் கறுத்துத் துருப்பிடித்த பள்ளங்கள், பழையவை. அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் வெள்ளிபோல மினுங்குகிற சின்னச் சின்ன உரிவுகள், இப்போது விழுந்தவை. இடையில் இரண்டு பக்கமும் உரசல் இல்லாமல் மழமழவென்று இருந்தது. மற்றக் கோனிலும் அதே படம்.

இதைப் புரிந்துகொள்ள ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஹப்பில் அக்சிலும் கோனும் சுற்றுவதில்லை. சுற்றுவது சில்லும், அதோடு சேர்ந்திருக்கிற, போல்ஸ் உள்ளே கிடக்கிற கிண்ணமான கப்பும்தான். ஓட்டுகிறவரின் பாரம் அக்சிலைக் கீழே அமத்தும். ஆகவே கோனின் அடிப்பக்கம் மட்டும் நாள் முழுக்க அடி வாங்கிக்கொண்டிருக்கும், மேற்பக்கம் சும்மா இருக்கும். கோன் ஒரு பக்கம் மட்டும் தின்னப்படுவது இதனால்தான். இப்போது அக்சிலை அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டினால் என்ன நடக்கும்? பள்ளம் விழுந்த பக்கம் மேலே போகும், நல்ல பக்கம் கீழே வரும். கொஞ்சம் கிறீஸையும் அள்ளி அப்பிவிட்டால் சத்தம் நின்றுவிடும்.

இது ஒன்றும் களவு வேலை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவசரத்துக்குச் சாமான் கிடைக்காவிட்டால் நல்ல திருத்துநர்களும் இப்படிச் செய்வார்கள். "இப்போதைக்குத் திருப்பிப் போட்டிருக்கிறன், கொஞ்ச நாளில் மாத்துங்கோ" என்று சொல்லிக் கூலியை மட்டும் வாங்குவார்கள். அதையே செய்துவிட்டுப் புதுச்சாமான் காசு வாங்குவதுதான் களவு. எங்கள் சில்லில் பழைய போல்ஸும் அப்படியே உள்ளே கிடந்தது. உரிந்த இரும்புத் தூள் கிறீஸோடு கலந்து, நல்லாயிருந்த பக்கத்தையும் தின்றுவிட்டது. இடது பக்கத்தில் 7 போல்ஸ்தான் இருந்தது, 9 இருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தைக் கிறீஸ்தான் நிரப்பியிருந்தது.

கோனைக் கொண்டுபோய்க் காட்டினேன். "புதுசுதான் தம்பி போட்டது. உங்கட கிறவல் ரோட்டில ஓடினா இரும்பும் தேயும்தானே" என்றார். சில கிழமையில் தேய்ந்த கோனுக்குள் கறுத்த துரு எங்கிருந்து வந்தது, நசுங்கிய மரை புது அக்சிலில் எப்படி வந்தது என்று கேட்டேன். பெடியன் வேலை செய்தானாம், தனக்குத் தெரியாதாம். கடைசியில், "சரி விடுங்கோ, ஒரு கோன் மாத்தித் தாறன், கூலி மட்டும் தாங்கோ" என்றார். நான் கொடுக்கவில்லை, வந்துவிட்டேன்.

எரிச்சல் என்னவென்றால், இது சைக்கிள் தெரியாத ஊர் இல்லை. யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரியும் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். சாக்கு, விறகு, நோயாளி என்று எல்லாமே சைக்கிளில்தான் போனது. அப்போது வீட்டுக்கு வீடு ஹப் கழற்றத் தெரிந்த ஒரு ஆளாவது இருப்பார். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது, நட்டுக் கழற்றும் சாவிகள் எங்கேயோ போயின. 2022 இல் பெற்றோல் வரிசை வந்தபோதுதான் வீட்டுக் கோடிக்குள் கிடந்த சைக்கிள்களை இழுத்தெடுத்தோம். ஓட மட்டும் தெரிந்த ஆட்களின் சைக்கிள் இப்போது கடைக்கு வருகிறது. ஏமாற்றுவதற்கு அது போதும்.

கொடுப்பதற்கு முன் அக்சில் முனையில் அரத்தால் சின்னக் கீறல் போட்டுவிடுங்கள். புது அக்சில் போட்டதாகச் சொல்லித் தரும்போது கீறல் இருந்தால் கதை தெரிந்துவிடும். நெயில் பொலிஷ் புள்ளி வைக்காதீர்கள், துடைத்தால் போய்விடக்கூடும். பழைய சாமான் எல்லாம் கையில் வேண்டும் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். எடுக்கும்போது கேட்டால் "இரும்புக்குப் போட்டாச்சு" என்பார்கள். முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். நேர்மையான ஆள் கோவிக்க மாட்டார், உங்களுக்கே கோனைக் காட்டி விளக்குவார். போல்ஸ் எண்ணிக்கையில் ஒரு விஷயம்: சில ஹப்புகளில் போல்ஸ் ஒரு தகட்டுக் கூட்டுக்குள் வரும், அதில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

வீட்டில் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். முக்கியமாக வேண்டியது கோன் சாவி, தட்டையான மெல்லிய சாவி. சாதாரணச் சாவி தடிப்பு, கோனுக்கும் நட்டுக்கும் இடையில் போகாது. பின் கோனுக்குப் பெரும்பாலும் 15 மி.மீ. சாவி பிடிக்கும், முன்னுக்கு 13. இடது பக்க நட்டையும் கோனையும் கழற்றிவிட்டு, அக்சிலை வலப்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். பின்சில்லுப் பற்சக்கரமான பிறீவீலைக் கழற்றத் தேவையில்லை. கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், போல்ஸ் உருண்டு ஓடும். சாதாரண ஹப்பில் பின்னுக்குப் பக்கத்துக்கு 9, கால் இஞ்சி. முன்னுக்குப் பக்கத்துக்கு 10, அது 3/16 இஞ்சி. போல்ஸ் மலிவு, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு இரண்டு புதியதைக் கலந்தால் தேயாமல் பெரிதாக இருக்கிற புதியது இரண்டும்தான் முழுப் பாரத்தையும் தாங்கும். கோன் வாங்கப் போகும்போது பழைய கோனையும் அக்சிலையும் கையில் கொண்டுபோங்கள். மரையும் சரிவும் ஹப்புக்கு ஹப் வேறுபடும். நான் கிளிநொச்சியில் வாங்கினேன், கடைக்காரர் அக்சிலில் ஏற்றிப் பார்த்துத்தான் தந்தார்.

கப்பை நன்றாகத் துடைத்துவிட்டு விரல் நகத்தால் சுற்றி வருடுங்கள். நகம் தடக்கினால் கப்பும் போய்விட்டது, புதுக்கோன் போட்டும் பயனில்லை. தடக்காவிட்டால் கிறீஸ் பூசி போல்ஸை அடுக்கலாம், கிறீஸே பிடித்துவைத்திருக்கும்.

பொறுமை வேண்டியது இறுக்கத்தில்தான். கோனைக் கையால் இறுக்கிவிட்டுக் கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்துங்கள். கோனை ஒரு சாவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டை இறுக்க வேண்டும். நட்டு இறுகும்போது கோனும் சற்று இறுகிவிடும், ஆகவே ஒரு மயிரளவு ஆட்டம் இருக்கும்போதே நட்டைப் பூட்டுங்கள். இரண்டு மூன்று தரம் மாற்றிப் பார்க்கத்தான் வேண்டிவரும். பிறகு சில்லின் வால்வை மேலே வைத்து விடுங்கள். தானாகக் கீழே வந்து, இப்படியும் அப்படியும் ஆடி, மெல்ல நின்றால் சரி. சட்டென்று நின்றால் இறுக்கம் கூட. நட்டைத் தளர்வாக விட்டால் ஓடும்போது கோன் தானாக நகர்ந்து இறுகி, சில்லு இறுகிப்போகலாம். கரியரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

கழுவும்போது வாகனம் கழுவும் இடத்துப் பெரிய பம்பால் ஹப்பில் தண்ணீர் அடிக்காதீர்கள். கிறீஸ் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

காசு போனவர்களுக்கு: கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அது இருக்கிறது. அந்த அதிகாரசபைக்குக் கொடுக்கும் முறைப்பாடு மூன்று மாதத்துக்குள், எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசி எண் 1977. திகதியும் கடைப் பெயரும் போட்ட சீட்டு இல்லாவிட்டால் வாதாடுவது கஷ்டம், ஆகவே காசு கொடுக்க முன்னரே கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்தத் துண்டுக் கடதாசியும் பழைய கோன் இரண்டும்தான் இருக்கிறது. அவற்றோடு முறைப்பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வீதியில் வேறு யாருக்காவது இதே போல நடந்திருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்த்து அனுப்பலாம்.