வண்டிக்கு அடியில் படுக்கும் முன்: ராட்செட் ஸ்டாண்டா, கம்பி ஸ்டாண்டா, ராம்ப்பா?

பிரேக் பேடும் என்ஜின் ஆயிலும் வீட்டிலேயே மாற்றத் தொடங்குபவர்கள் ஸ்பானர் செட்டைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். வண்டியைத் தாங்குவதற்கு மட்டும் டிக்கியில் கிடக்கும் ஜாக்கியே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்விஃப்ட் மாதிரி சின்ன வண்டியே சுமார் 900 கிலோ. அதில் பாதி நெஞ்சுக்கு மேல் நிற்கப்போகிறது என்றால், எது தாங்குகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும்.

தூக்கும் கருவியை முதலில் முடித்துவிடலாம். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டும். திருகில் ஏறுவதால் அது தானாக இறங்காது, ஆனால் அடிப்பாகம் குறுகல், பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும், சாய்ந்துவிடும். பாட்டில் ஜாக்கி பொலேரோ, ஸ்கார்பியோ போன்ற உயரமான வண்டிகளுக்கு நல்லது, சின்ன கார்களுக்கு அடியில் பெரும்பாலும் நுழையவே நுழையாது. வீட்டுக்கு என்றால் தரையில் உருட்டிச் செல்லும் ட்ராலி ஜாக்கிதான். தூக்கும்போது அதன் கை வளைவாக மேலேறும், அதற்கேற்ப சக்கரங்கள் தரையில் உருள வேண்டும். சக்கரம் தரையிடுக்கில் மாட்டிக்கொண்டால் தலை நழுவும். எவ்வளவு நல்ல ட்ராலி ஜாக்கியாக இருந்தாலும் வண்டியைத் தாங்குவது உள்ளே இருக்கும் எண்ணெயும் ஒரு ரப்பர் சீலும்தான். சீல் போனால் வண்டி இறங்கும். அதனால் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

இனி தாங்குபவை. கடைகளில் அதிகம் கிடைப்பது ராட்செட் ஸ்டாண்ட். கைப்பிடியைத் தூக்கினால் நடுத்தண்டு பல் பல்லாக ஏறும். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம், வேலை சீக்கிரம் நடக்கும். குறை என்னவென்றால், பாரம் முழுவதும் ஒரு கொக்கி பல்லில் எவ்வளவு ஆழமாக அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, அந்த இடம் நம் கண்ணுக்குத் தெரியாது. 2020இல் அமெரிக்காவில் கருவிகள் விற்கும் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது இதனால்தான். தொழிற்சாலை அச்சுகள் தேய்ந்ததால் சில ஸ்டாண்டுகளில் கொக்கி போதிய ஆழத்தில் பிடிக்காமல் போயிருந்தது.

கம்பி ஸ்டாண்டில் தண்டில் வரிசையாகத் துளைகள், குறுக்கே ஒரு தடித்த கம்பி. அவ்வளவுதான். துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், நினைத்த உயரம் எப்போதும் அமையாது. ஆனால் கம்பி இரு பக்கமும் வெளியே தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும், சந்தேகம் தீர்ந்தது. வீட்டில் எப்போதாவது வேலை செய்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். கம்பி தொலைந்துவிட்டது என்று பழைய போல்ட்டைச் செருகாதீர்கள். ராட்செட்டே வேண்டுமானால், கூடுதல் பூட்டுக் கம்பி உள்ளதாகப் பாருங்கள்.

ராம்ப் என்பது வண்டியை ஓட்டி ஏற்றி நிறுத்தும் சரிவு மேடை. ஆயில் மாற்றுவதற்கு மிக வசதி. வண்டி தன் டயரிலேயே நிற்பதால் மனதுக்கும் நிம்மதி. சக்கரத்தைக் கழற்றும் எந்த வேலைக்கும் உதவாது. டைல்ஸ் தரையில் முன்சக்கரம் ஏறும்போது ராம்ப்பையே முன்னால் தள்ளிவிடும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திச் சொல்லச் சொல்லி ஏற்ற வேண்டும்.

நம் ஊரில் நான்காவதாக ஒன்று உண்டு: செங்கல், ஹாலோ பிளாக். சுவரைத் தாங்குகிறதே என்பார்கள். சுவரில் பாரம் பரவி இறங்குகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் வண்டியின் விளிம்போ ஒரே புள்ளியில் அழுத்தும். கல் வளையாது, எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும். இது ஒப்பிடவே தகுதியில்லாதது. தயவுசெய்து வேண்டாம்.

எதை வாங்கினாலும் தரைதான் பாதி. சரிவான வாசல், மண், வெயிலில் இளகிய தார் எதுவும் ஆகாது. பேவர் பிளாக் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பிளைவுட் பலகை வையுங்கள்.

ஒருமுறை ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி என் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினேன். இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்தது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை, அவை அப்போது அந்தரத்தில் இருந்தன. இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அன்றிலிருந்து தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடுவதில்லை.

புதிதாகச் செய்பவர் குழம்பும் இடம் ஒன்று: ஜாக்கியும் ஸ்டாண்டும் விளிம்பில் ஒரே இடத்தைக் கேட்கும். வண்டிக் கையேட்டில் நடுவே தூக்கும் இடம் காட்டியிருந்தால் அங்கே தூக்கி, விளிம்பில் வெட்டுக் குறி உள்ள இடத்தில் ஸ்டாண்டை வையுங்கள். ஆயில் சம்ப்பில் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒருபோதும் ஜாக்கி வைக்காதீர்கள். விளிம்புத் தகடு மடங்காமல் இருக்க, காடி வெட்டிய ரப்பர் அட்டை ஸ்டாண்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கட்டும். வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும், மேலே போன பிறகு ஸ்பானரை மிதித்தால் வண்டியே ஆடும். மெதுவாக ஸ்டாண்டில் இறக்கி, வெளியே நின்று பம்பரைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். அசையவில்லையா? ஜாக்கியை லேசாகத் தொட்டபடி அங்கேயே விட்டு, கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.