பலத்தைக் கண்டுபிடிக்க டெஸ்ட்டா, நோட்டா?

ஓசூர் சிப்காட்டில் இரண்டு மூன்று வருடம் ஓட்டியபிறகு வேலை மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு, “முதலில் உன் பலம் எதுவென்று பார்” என்ற அறிவுரை தாராளமாகக் கிடைக்கும். எதை வைத்துப் பார்ப்பது? காசு கட்டி எழுதும் கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ் டெஸ்ட், நற்குணங்களைப் பார்க்கும் இலவச வி.ஐ.ஏ. டெஸ்ட், செய்த வேலையை அன்றன்றைக்குக் குறித்துவைக்கும் நாற்பது பக்க நோட்டு என மூன்று வழி உண்டு. என் ஓட்டு நோட்டுக்குத்தான்.

கிளிஃப்டன் டெஸ்ட் அமெரிக்காவின் கேலப் நிறுவனத்துடையது. 177 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி. 34 தலைப்புகளில் உங்களுக்கு எது தூக்கல் என்று வரிசைப்படுத்தித் தரும். ஆங்கிலத்தில் எழுதினால், அதை மனதுக்குள் தமிழாக்கிப் படிப்பவருக்கு அந்த 20 வினாடி போதாது. வி.ஐ.ஏ.வில் அவ்வளவு அவசரமில்லை. கால் மணி நேரத்தில் முடியும். உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் 2004-ல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி 24 குணங்களை வரிசைப்படுத்துகிறது. ஆனால் நன்றியுணர்வும் நேர்மையும் முதலில் வந்தால் குவாலிட்டி பிரிவுக்குப் போவதா, ஸ்டோர்ஸ் பிரிவுக்குப் போவதா? அதற்கு அந்த வரிசையில் பதில் இல்லை.

இரண்டுமே நம்மைப் பற்றி நாமே சொல்வதை நம்பித்தான் நிற்கின்றன. எப்படி இருக்க ஆசைப்படுகிறோமோ அதையே டிக் செய்துவிடுகிறோம். நோட்டில் நாம் செய்ததுதான் ஏறும்.

பக்கத்தில் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்தால் போதும்: செய்த வேலை, எத்தனை நிமிடம், முடித்ததும் தெம்பா சோர்வா (+ அல்லது −), அந்த வேலைக்கென்று யாராவது உங்களைத் தேடி வந்தார்களா. வேலையை வினையாக எழுத வேண்டும். ‘மெயின்டனன்ஸ்’ என்று எழுதினால் பிறகு எதுவும் புரியாது. ‘சத்தத்தை வைத்து பேரிங் பழுதைக் கண்டுபிடித்தேன்’, ‘புது அப்ரன்டிஸுக்கு கேஜ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன்’ என்று எழுதினால் புரியும். டீ இடைவேளையிலேயே எழுதிவிடுங்கள். இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதினால் அன்றைக்கு நடந்த சண்டை மட்டும்தான் ஞாபகம் வரும்.

எத்தனை நாள் எழுதுவது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். ஒரே வாரத்தில் நிறுத்தினால் கணக்கு தப்பாகும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் எந்த வேலையும் − தான் வாங்கும். அது வேலையின் குற்றமல்ல, தூக்கமின்மை. தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருபவருக்கு இந்தக் களைப்பு இன்னும் கூடும். ஆகவே வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுபவர் மூன்று ஷிஃப்ட்டும் ஒரு சுற்று வரும்வரை, அதாவது மூன்று வாரம், எழுத வேண்டும். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைக்காரர்கள் சீசனில் ஒரு முறையும் சீசன் முடிந்து ஒரு முறையும் எழுதுவது நல்லது; இரண்டு காலத்திலும் செய்யும் வேலையே வேறு. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். ஒரே சூப்பர்வைசர் இருக்கும்போது மட்டும் − விழுந்தால், பிரச்சினை வேலையில் இல்லை.

மூன்று முறையாவது, இரண்டு வேறு சூழலிலாவது + வாங்கிய வேலையைத்தான் பலம் என்று எடுத்துக்கொள்வேன். கை நன்றாக வருவது வேறு, தெம்பு தருவது வேறு. ஜி.எஸ்.டி. கணக்கைத் தப்பில்லாமல் முடிப்பவர் ஒவ்வொரு மாதமும் வாடிப்போகிறார் என்றால், அது திறமை மட்டுமே. அதையே நம்பிப் பதவி உயர்வு வாங்கினால் வாடுவதும் கூடவே உயரும்.

பலம் தெரிந்த உடனே ராஜினாமா வேண்டாம். ஆய்வாளர்கள் ரெஸ்னெவ்ஸ்கியும் டட்டனும் 2001-ல் விளக்கிய ‘ஜாப் கிராஃப்டிங்’ இங்கே உதவும்: கையில் இருக்கும் வேலையையே கொஞ்சம் மாற்றி அமைத்துக்கொள்வது. சொல்லிக்கொடுப்பது பலமென்றால், அப்ரன்டிஸ்களுக்குப் பழக்கும் பொறுப்பை வாரம் இரண்டு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். “போரடிக்கிறது” என்று கேட்டால் கிடைக்காது. “புது ஆட்களால் வரும் ரிஜெக்‌ஷன் குறையும்” என்று கேட்டால் சூப்பர்வைசர் காது கொடுப்பார்.

சொந்த நிலத்தில் பாடுபடுபவர்களுக்கு இந்த மூன்று வாரக் கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு போகமாவது பார்க்க வேண்டியிருக்கும். இன்னும் வேலைக்கே போகாத கல்லூரிக்காரர்களிடம் நோட்டில் ஏற்ற விஷயம் குறைவு. அவர்கள் வி.ஐ.ஏ.வில் தொடங்கலாம், காசும் போகாது. கிளிஃப்டனுக்குப் பணம் கட்டுவது, கம்பெனியே கட்டி, முடிவை உட்கார்ந்து பேச ஆளும் வைத்தால் மட்டும்.