சிரிப்பு வாயு என்று சொல்லிக் காலில் ஸ்பிரே அடித்தார்கள்

இப்போதுதான் காலில் கட்டை மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு பாத சிகிச்சை நிலையத்தில் என் அரை மாதச் சம்பளம் போனது. பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் செலவும் என் தலையில்தான் விழும்.

வலது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, தடித்துப்போய் ஒன்று. மிதித்தால் சுருக்கென்று குத்தும். அங்கிருந்தவர் பார்த்த மாத்திரத்தில் மரு என்றார். நைட்ரஸ் ஆக்சைடால் உறைய வைத்தால் மூன்றே தடவையில் உதிர்ந்துவிடுமாம். வலிக்குமா என்று கேட்டேன். மூலையில் நின்ற நீல சிலிண்டரைத் தட்டிக் காட்டி, "சிரிப்பு வாயுங்க, எப்படி வலிக்கும்?" என்றார். என் அழுக்குப் பாதத்தை முகம் சுளிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். மூன்று தடவைக்கும் சேர்த்து முன்பணம் கட்டினேன். அரை மாதச் சம்பளம்!

வலி உயிர் போனது. போகாமல் என்ன செய்யும்? ஆக்சிஜனோடு கலந்து முகமூடி வழியாக மூச்சில் இழுத்தால்தான் அந்த வாயு வலியை மழுக்கும். உள்ளங்காலில் ஊசி போடும்போது அப்படிக் கொடுப்பது உண்டு. உறைய வைப்பது வேறு வேலை. அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் வாயு, கருவியின் முனையை மைனஸ் 89 டிகிரி பக்கம் கொண்டுபோகும். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அதையாவது செய்தார்களா? சிலிண்டரைத் திறக்கவே இல்லை. கையடக்க டப்பா, நுனியில் பஞ்சு. இரண்டாம் தடவை அவர் போன் பேசத் திரும்பியபோது எட்டிப் படித்தேன்: டைமெத்தில் ஈதர், புரோப்பேன். மருவுக்கென்று கடையில் விற்கிற அதே சரக்கு. அவ்வளவு குளிர் அதில் வராது.

கொப்புளம் வெடித்துத் தோல் மருத்துவரிடம் ஓடினேன். அவர் பிளேடால் மெல்லச் சீவினார். மருவுக்குரிய கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு முளை. கால் ஆணி! அழுத்தத்தால் வருவது, முதலில் ஷூவை மாற்றுங்கள் என்றார். இதற்கா அரை மாதச் சம்பளம்?

பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதல் நாள் "சார் மீட்டிங்ல இருக்காங்க". அடுத்த நாள் "அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க". அக்கவுண்ட்ஸில் கேட்டால் "சார்கிட்ட கேளுங்க".

என்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கால் விண்விண் என்கிறது. சீவிப் பார்க்காமல் மரு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டப்பாவின் லேபிளைப் படியுங்கள். மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் இவர்களிடம் காலை நீட்டவே வேண்டாம்.

இதோ, இப்போது ஒரு மெசேஜ். பணம் தர முடியாதாம், மீதி ஒரு தடவையை நகச் சிகிச்சைக்கு மாற்றிக்கொள்ளலாமாம். என் நகத்துக்கு ஒன்றுமே இல்லை.