ஒரே முகம், இரண்டு மனிதர்கள்: ‘கஹோ நா... ப்யார் ஹை’

பிரிந்துபோன இரட்டையர், அவர்களுக்கிடையே நிகழும் ஆள்மாறாட்டம், இறுதியில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி என்பதே இரட்டை வேடப் படங்களுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த இலக்கணம். ராகேஷ் ரோஷன் தயாரித்து இயக்கி, 2000 ஜனவரியில் வெளியான ‘கஹோ நா... ப்யார் ஹை’ என்ற இந்திப் படம் அந்த இலக்கணத்தை மீறுகிறது. இதில் வரும் ரோஹித்தும் ராஜும் சகோதரர்கள் அல்லர். ஒருவன் கொல்லப்பட்ட பிறகே மற்றவன் கதைக்குள் நுழைகிறான். முகம் ஏன் ஒன்றுபோல் இருக்கிறது என்று படம் விளக்க முயலவே இல்லை. அந்தத் துணிவே இப்படத்தின் பலம் என்று கருதுகிறேன்.

மும்பையில் கார் விற்பனை நிலையத்தில் பணிபுரியும் ரோஹித், பாடகனாக வேண்டும் என்ற கனவுடையவன். அவன் காதலிக்கும் சோனியா செல்வந்தரின் மகள். காவல்துறையினரே செய்யும் ஒரு கொலையைக் கண்ணால் கண்டுவிட்டதால் ரோஹித் துரத்தப்பட்டு உயிரிழக்கிறான். துயரத்திலிருந்து மீள நியூசிலாந்துக்கு அனுப்பப்படும் சோனியா, அங்கே அதே முகத்தோடு நடமாடும் ராஜைக் காண்கிறாள்.

இருவரையும் வேறுபடுத்திக் காட்ட அறிமுக நடிகர் ஹிருத்திக் ரோஷன் ஒப்பனையை மட்டும் நம்பவில்லை. ரோஹித்தின் தோள்களில் ஒரு கூச்சமும் பார்வையில் ஒரு பணிவும் இருக்கின்றன. ராஜோ தன் உடலின் மீது முழு நம்பிக்கை கொண்டவனாக நடக்கிறான். ராஜேஷ் ரோஷனின் இசையும் இதற்குத் துணை நிற்கிறது. தலைப்புப் பாடலில் உதித் நாராயணின் இனிமையான குரலைக் கேட்டுப் பழகிய காது, ‘ஏக் பல் கா ஜீனா’ தொடங்கியதும் லக்கி அலியின் சற்றே கரகரத்த குரலில் வேறொரு மனிதனை உணர்ந்துகொள்கிறது. ஃபரா கான் அமைத்த அந்த நடனத்தில் முகம் பழையது, அசைவு முற்றிலும் புதியது. சோனியாவின் அதிர்ச்சியை வசனமின்றியே நாமும் அடைகிறோம். சிறந்த நடிகர், சிறந்த அறிமுக நடிகர் என்ற இரு ஃபிலிம்பேர் விருதுகளையும் ஒரே படத்துக்காக ஹிருத்திக் பெற்றது முற்றிலும் தகுதியானதே.

ராஜ் இந்தியாவுக்கு வந்ததும் படம் அதிரடிக்குத் திரும்புகிறது. கொன்றுவிட்டோம் என்று நம்பியிருந்தவனை உயிரோடு கண்டு கொலையாளிகள் திகைப்பதும், அந்தத் திகைப்பையே ராஜ் அவர்களுக்கு எதிரான கருவியாக்குவதும் நன்றாகத் திட்டமிடப்பட்ட திரைக்கதை. அண்ணன் ரோஹித்தை இழந்து பேச்சற்றுப் போன சிறுவன் அமித்தின் மௌனம், துப்பாக்கிச் சத்தங்களைவிட ஆழமாகப் பாதிக்கிறது.

குறைகளும் உண்டு. கடலில் படகோடு அலைந்து தீவில் ஒதுங்கும் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. வில்லன்கள் பழைய வார்ப்பிலேயே நிற்கிறார்கள். அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சோனியாவுக்கு நேர்ந்த அநீதி. அவள் ராஜிடம் தேடுவது ராஜையா, இழந்த முகத்தையா என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, அதற்கு அவள் வாயால் விடை பெறாமலே படம் சண்டைக்கு ஓடிவிடுகிறது. அறிமுகமான அமீஷா படேல் முதல் பாதியில் காட்டிய உயிர்ப்பைப் பார்க்கும்போது, இந்தத் தடுமாற்றத்தை அவரே சுமக்கும் இரண்டு முழுமையான காட்சிகளையாவது இயக்குநர் தந்திருக்க வேண்டும்.