முதல் டிரையத்லான்: கார்பன் ஷூவா, பழகிய ஷூவா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் பந்தயம்தான் டிரையத்லான். முதல் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்த கையோடு பலரும் தேடுவது கார்பன் தகடு வைத்த ஷூவைத்தான். பெரும்பாலானோர் தொடங்குவது ஸ்பிரிண்ட் தூரத்தில்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அந்த 5 கிலோமீட்டருக்கு 20,000 ரூபாயைத் தொடும் ஷூ வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன்.

2017-இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை என்ற கார்பன் ஷூவோடு "4 சதவீதம் மிச்சம்" என்ற பேச்சு பிரபலமானது. அந்த 4 சதவீதம், ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றலில் மிச்சமாவது, நேரத்தில் அல்ல. அதையும் மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில் தேர்ந்த ஓட்டக்காரர்களை ஓடவிட்டுத்தான் அளந்தார்கள். 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் முடிப்பவர் ஓடுவது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில். அங்கே பலன் குறைந்துவிடும். நேரத்தில் 1 சதவீதம் மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும் 18 விநாடிதான். ஈரக் கையோடு லேஸ் கட்டத் தடுமாறினால் அதுவும் போச்சு.

சைக்கிளை விட்டு இறங்கிய முதல் சில நிமிடங்களுக்குக் கால் சொன்ன பேச்சு கேட்காது. தொடை கனக்கும், அடி தாறுமாறாக விழும். இந்தக் கார்பன் பந்தய ஷூக்களின் உயரமான, மெத்தென்ற நுரை அந்த நேரத்தில் பழகாத காலை இன்னும் ஆட்டிவைக்கும். பல மாடல்களில் குதிகாலைச் சுற்றிய துணி மெல்லியது. ஈரக் காலை அவசரமாக நுழைத்தால் உள்ளே மடங்கிக்கொள்ளும், லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூவின் நாக்கும் சுருண்டுவிடும். பிரூக்ஸ் கோஸ்ட், அசிக்ஸ் குமுலஸ் போன்ற தினசரிப் பயிற்சி ஷூவில் குதிகால் பகுதி விறைப்பாக நிற்கும், கால் நேராக இறங்கும். எடை கொஞ்சம் கூடத்தான். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடும் நம் வெயிலில் அதன் தடித்த பஞ்சு ஈரத்தைக் குடித்து இன்னும் கனக்கும். அந்த ஒரு விஷயத்தில் பந்தய ஷூவே மேல். இருந்தாலும் நீங்கள் ஓடிப் பழகிய ஜோடிக்கே என் ஓட்டு.

காசைப் போடுவதென்றால் எலாஸ்டிக் லேஸில் போடுங்கள். சில நூறு ரூபாய்தான். கிளிப் வைத்த ரகத்தில் ஒரே இழுப்பில் இறுகிவிடும்; முடிச்சு முடிச்சாக வரும் ரகத்தில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக இறுக்கம் வைக்கலாம். பாதத்தின் மேற்பகுதி மரத்துப்போகும் ஆட்களுக்கு இரண்டாவதே சரி. எதுவானாலும் சைக்கிள் ஓட்டிய கையோடு ஓடிப் பார்த்து இறுக்கத்தை முடிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.

உடையில் மூன்று கட்டத்துக்கும் மாற்றாமல் போட்டுக்கொள்ளும் டிரை சூட்டா, நீச்சல் உடைக்கு மேல் டி-ஷர்ட்டா? சூட்தான். நனைந்த முதுகில் டி-ஷர்ட் ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காது. சைக்கிள் ஷார்ட்ஸின் தடித்த பேட் தண்ணீரைக் குடித்தால் ஓடும்போது தொடையிடுக்கில் உரசும். சூட்டின் பேட் மெல்லியது.

சைக்கிள் ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலில் ஏற்கெனவே பழகியிருந்தால் அப்படியே ஓட்டுங்கள். பழகாதவர்கள் சாதாரண பெடலில் ஓடும் ஷூவோடே மிதிக்கலாம், ஓட்டத்துக்கு முன் ஷூ மாற்றும் வேலையே இல்லை. ஆனால் கடலில் நீந்தி வந்தால் காலில் மணல் இருக்கும். சைக்கிள் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் சின்னத் துண்டும் வையுங்கள். சாக்ஸைப் பாதிவரை சுருட்டி ஷூவுக்குள் வைத்துவிட்டால் ஈரக் காலிலும் ஏறிவிடும்.