குலசை தசராவுக்கு இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிம்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் காளி, குறவன், குரங்கு என வேடம் கட்டி வீதிவீதியாக வருபவர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க, 35 மி.மீ. பிலிமில் இல்ஃபோர்ட் நிறுவனத்தின் எச்பி5 பிளஸ்ஸை நம்பி வாங்கலாம். ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400. ரோலுக்கு 36 படம்.

இதன் பெரிய பலம், வெளிச்சத்தைக் கணிப்பதில் சற்றுத் தவறினாலும் தாங்கிக்கொள்வது. ஆனால் காளி வேடத்தில் கவனம் வேண்டும். கறுப்பு உடை பிரேமை நிறைத்தால் ஒளியளக்கும் மீட்டர் ஏமாந்து கூடுதல் வெளிச்சம் கேட்கும். கறுப்பு சாம்பலாகிவிடும், கிரீடத்து ஜிகினா வெளுத்துப்போகும். உள்ளங்கையில் மீட்டர் வைத்து, ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு வெளிச்சம்) கூட்டினால் சரியாக வரும். தொங்கும் சிவப்பு நாக்கு இன்னொரு சிக்கல்: கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது பிலிமில் மங்கிய சாம்பலாகி முகத்தோடு கரைந்துவிடும். ஆரஞ்சு பில்டர் போட்டால் நாக்கு வெளுத்துத் தனியாக நிற்கும். சுமார் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், பகலில் அது பொருட்டே இல்லை.

விஜயதசமி இரவு கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு 1600-க்கு புஷ் செய்யலாம், அதாவது ஐஎஸ்ஓ 1600 பிலிம்போல எடுத்துக் கூடுதல் நேரம் டெவலப் செய்யலாம். ஐடி-11 டெவலப்பரின் மேலும் தண்ணீர் சேர்க்காத கரைசலில், 20 டிகிரியில் 400-க்கு ஏழரை நிமிடம், 1600-க்கு 14. கிரெயின் (படத்தில் தெரியும் துகள்கள்) தடிக்கும், அது அழகுதான். நிழலில் உள்ள விவரம் மட்டும் திரும்பாது. காளியின் தலைமுடி ஒரே கறுப்புத் திட்டாகிவிடும்.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் வாளியில் வைத்துக் குளிரவிட்ட பிறகே டேங்கில் ஊற்றுங்கள்.