ஊத் பழக எது துணை: நொட்டேஷன் வாசிக்கும் மென்பொருளா, ஒலிப்பதிவை மெதுவாக்கும் மென்பொருளா?

ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தைப் பழகுகிறவர்களுக்கு மென்பொருள் இரண்டு விதமாகத் துணை நிற்கும். நொட்டேஷனை உள்ளிட்டால் தானே வாசித்துக் காட்டுவது ஒரு வகை; மியூஸ்ஸ்கோர் அப்படிப்பட்டது. ஒரு கலைஞரின் ஒலிப்பதிவைச் சுருதி மாறாமல் மெதுவாக்கி, வேண்டிய துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்க வைப்பது மற்றொரு வகை. டிரான்ஸ்கிரைப், அமேசிங் ஸ்லோ டவுனர் போன்றவை இதில் சேரும். முதல் வகையை நம்பி ஐந்து மாதம் பழகிவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது பக்கம்தான்.

வேகத்தைக் குறைப்பது, ஒரு பகுதியைச் சுழல விடுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. ஒலியின் தரத்தைப் பற்றியும் அதிகம் பேச வேண்டியதில்லை. கணினி வாசிக்கும் வாத்திய ஒலிகளுக்கு 1991-ல் வந்த ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலில் 128 ஒலிகள் உள்ளன. அதில் சிதார்கூட இருக்கிறது, ஊத் இல்லை. அதனால் நொட்டேஷன் மென்பொருள் பெரும்பாலும் நைலான் தந்தி கிட்டாரின் குரலில்தான் வாசிக்கும். ஜோடித் தந்திகள் சேர்ந்து அதிரும் அந்த மினுமினுப்பு கிடைக்காது. அது ஒரு குறைதான், ஆனால் பழகிவிடும்.

பழகிவிடக் கூடாத குறை சுரஸ்தானத்தில் இருக்கிறது. நான் மாறியதற்குக் காரணம் அது ஒன்றுதான்.

ஊத்தின் கழுத்தில் மெட்டு (ஃப்ரெட்) கிடையாது. வீணையிலும் கிட்டாரிலும் மெட்டு விரலுக்கு இடம் காட்டிவிடும். மென்பொருள் சற்றுப் பிசகி ஒலித்தாலும் கை தன் இடத்தை விட்டுப் போகாது. ஊத்தில் விரலுக்கு வழிகாட்டி காது மட்டும்தான். தினமும் காதில் விழுவது எதுவோ, அங்கேதான் விரலும் போய் உட்காரும்.

ராஸ்த் மகாமைப் பாருங்கள். மகாம் என்பது அரபு இசையில் நம் ராகம் மாதிரி. அதன் மூன்றாம் சுரம் நம் சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்தால், பியானோவின் கணக்கில் அந்த இரண்டு காந்தாரங்களும் 300, 400. ராஸ்தின் மூன்றாம் சுரம் ஏறத்தாழ 350. நான் முதலில் பயன்படுத்திய மென்பொருளில் இந்தச் சுரத்துக்கான அரை பிளாட் குறியை, அதாவது 400-லிருந்து 50 சென்ட் இறக்கச் சொல்லும் குறியை, எழுத முடிந்தது. ஒலிக்கும்போதோ அது அந்தக் குறியைக் கண்டுகொள்ளாமல் 400-ஐயே வாசித்தது. எனக்கு அது தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் சரியான குறி இருந்ததால் காதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் ஒரு பழைய ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்தபோது, டி தந்தியில் என் சுட்டுவிரல் ஒவ்வொரு முறையும் ஏறி நின்றது. அதை இறக்கப் பழக இரண்டு மாதம் பிடித்தது.

இதைத் திருத்த வழி இருக்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்க விடும் மென்பொருள்கள் உண்டு. அரை பிளாட் என்றால் 50 சென்ட் இறக்கி ஒலிப்பவையும் உண்டு. ஆனால் அதே குறி பயாத்தி மகாமில் வரும்போது, ராஸ்தில் நின்ற இடத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். ஏட்டில் ஒரே குறி, வாசிப்பில் இரண்டு இடம். ஊருக்கு ஊர் வேறுபாடு வேறு. 1932-ல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில், ஸ்தாயியை 24 சம பங்காக வகுப்பது சரிதானா என்றே பெரிய விவாதம் எழுந்தது. சென்டைக் கையால் திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். எத்தனை சென்ட் என்பதைத்தானே நான் கற்க வந்தேன்! அந்த விடை நல்ல வாசிப்பில்தான் இருக்கிறது.

எகிப்திய ஊத் கலைஞர் ரியாத் அல் சுன்பாத்தியின் ஒரு தக்சீமை 70 விழுக்காடு வேகத்தில் வைத்து, நான்கு நொடித் துண்டு ஒன்றைச் சுழல விட்டால் எவ்வளவோ கேட்கிறது. ரிஷா என்ற மீட்டுகோல் மேலிருந்து கீழே இறங்கும் அடி கனமாகவும், கீழிருந்து ஏறும் அடி மெலிதாகவும் விழுவது தனித்தனியாகத் தெரியும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போகிறதா, தாவுகிறதா என்பதும் தெரியும். தக்சீம் நம் ஆலாபனை மாதிரி, தாளக்கட்டு இல்லாதது. அதை நொட்டேஷனில் அடைத்தால் மிஞ்சுவது எலும்புக்கூடு.

இந்த வகையிலும் தொல்லைகள் உண்டு. 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மீட்டின் முனை மழுங்கி, வேகமான அடுக்கு மீட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கானூன் என்ற பல தந்தி வாத்தியமும் வயலினும் சேர்ந்த பதிவில் ஊத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய பதிவுகளின் சுருதி நம் வாத்தியத்தோடு ஒட்டாது. ஆனால் பதிவையே சில சென்ட் நகர்த்திக்கொள்ளலாம், பதினொரு தந்திகளையும் முறுக்க வேண்டியதில்லை.

நொட்டேஷன் மென்பொருள் தெளிவாக முந்தும் இடம் சமாயி என்ற உருப்படி வகை. பத்து எண்ணிக்கைத் தாளம். 1, 6, 7-ல் தும் என்ற கனத்த அடி, 4, 8-ல் தக் என்ற கூர்மையான அடி. நான்கு கானா, அதாவது பகுதிகள்; ஒவ்வொன்றுக்குப் பின்னும் பல்லவி போலத் திரும்பி வரும் தஸ்லீம், நான்காவது கானாவில் பெரும்பாலும் தாளமே மாறும். இந்தக் கட்டமைப்பை மனத்தில் ஏற்ற, எந்த வேகத்திலும் மழுங்காமல் ஒலிக்கும் அந்த வாசிப்புக்கு ஈடில்லை. நஹாவந்த், அஜம், குர்த் போன்ற, அரை பிளாட் மாதிரியான கால் சுரம் வராத மகாம்கள் என்றால் காதுக்கும் பெரிய கெடுதல் இல்லை. தொடங்குகிறவர் இவற்றோடு நிற்கும் வரை முதல் வகையே போதும் என்றுகூடச் சொல்வேன்.

துருக்கிய முறையில் எனக்குப் பழக்கம் குறைவு, ஒரு மாதம் தொட்டுப் பார்த்ததோடு சரி. அங்கே ஸ்தாயியை கோமா என்ற 53 நுண்பங்குகளாகப் பிரிக்கிறார்கள். மஸ் 2 என்ற நொட்டேஷன் மென்பொருள் அந்த நுண்சுரங்களை ஒலித்தே காட்டுகிறது. அதனால் நான் மேலே சொன்ன குறை அங்கே இவ்வளவு பெரிதாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அவர்கள் ராஸ்தின் ஆதார சுரத்தை ஜி என்று எழுதினாலும் வழக்கமான சுருதியில் அது டி-யாக ஒலிக்கும். மென்பொருளின் ஒலியை ஒரு நான்காம் சுர அளவு இறக்கிக்கொள்ளாவிட்டால் வாத்தியத்தோடு சேராது.

இப்போது என் மேசையில் இரண்டுமே இருக்கின்றன. நொட்டேஷன் மென்பொருளில் வாத்தியத்தின் ஒலியை நிறுத்திவிட்டுத் தாளத் தட்டை மட்டும் விட்டிருக்கிறேன். ராஸ்தோ பயாத்தியோ வந்தால் அந்தத் தட்டையும் நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவில் அரை பிளாட் சுரம் வரும் துண்டை முதலில் வாயால் பாடி, பிறகுதான் விரலை வைக்கிறேன்.